லேமினேஷனுக்குள் மாட்டிக்கொண்ட பட்டச் சான்றிதழ்

சென்ற தவக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, என் மகளுக்கு வந்த நல்ல வாய்ப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவந்தது. அன்று நான் அழுத அழுகை எனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். கோயிலில் நவநாள் செபத்துக்கு என் பக்கத்தில் உட்காருகிற இரண்டு பேர், "இதை நீங்க சாட்சியா சொல்லியே ஆகணும்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நின்று பேசச் சொன்னால் நடுவில் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் சகாயமேரி. சேலம் சூரமங்கலத்தில் குடியிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற வார்த்தைகளை எண்ணிவிடலாம். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது. ரேஷன் கடை, காய்கறிக் கடை, டவுன் பஸ் கண்டக்டர் என்று யாரையும் விட்டதில்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையில் என் வாய்க்கும் பெரிய பங்கு இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள், ரீனா. நர்ஸ். டிப்ளமா முடித்து வேலைக்குப் போய், கல்யாணமாகி, பிள்ளையும் பெற்ற பிறகு, மறுபடியும் படித்து பி.எஸ்சி. நர்சிங் வாங்கினாள். என் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அதுதான் முதல் பட்டம். மருமகன் செல்வராஜ் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். வடக்கே எங்கோ வேலைக்குப் போன இடத்தில் வண்டி மேலிருந்து விழுந்து முதுகில் அடிபட்டது. நடக்கிறார், உட்காருகிறார். ஆனால் கனரக வண்டி இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து ரீனாவின் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது. திருச்செங்கோட்டிலிருந்து சேலத்து மருத்துவமனைக்கு வந்துபோய், பகல் டியூட்டி, நைட் டியூட்டி என்று பிள்ளை ஓடாய்த் தேய்ந்துபோனாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஓமன் நாட்டு மருத்துவமனை ஒன்றிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம், தங்க வீடு அவர்களே தருவார்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு இரண்டு நாள் முன்பு அந்தக் கடிதம் வந்தது. ரீனா போனில் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். ஒரே ஒரு நிபந்தனை. பட்டச் சான்றிதழில் அப்போஸ்டில் வாங்கி, ஈஸ்டர் முடிந்த பத்தாம் நாளுக்குள் அதன் நகலை அனுப்ப வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் அவர்கள் எடுப்பதில்லை. ரீனாவுக்கு முப்பத்து நாலு முடியப் போகிறது. இதை விட்டால் அடுத்த வாய்ப்பு கிடையாது.

அப்போஸ்டில் என்றால் என்ன என்று எனக்கும் அன்றுவரை தெரியாது. நம் ஊர்ச் சான்றிதழை வெளிநாட்டுக்காரன் பார்த்ததும் நம்பிவிட மாட்டான் அல்லவா? அதனால் முதலில் சென்னையில் நம் மாநில அரசு அதன் பின்பக்கம் முத்திரை குத்தி, உண்மையானதுதான் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டும். அந்த ஸ்டிக்கருக்குத்தான் அந்தப் பெயர். அது ஒட்டியிருந்தால் ஓமனில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்வார்கள். இதையெல்லாம் செய்து வாங்கித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஐந்து ரோடு பக்கம் அப்படி ஒரு அலுவலகத்துக்கு ரீனாவும் நானும் போனோம்.

நான்தான் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு போனேன். துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. கவுண்டரில் இருந்த பெண் பிரித்துப் பார்த்தாள். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினாள்.

"லேமினேஷன் பண்ணிட்டீங்களா அம்மா?"

"ஆமாங்க, கெட்டுப் போயிரக் கூடாதில்ல!" என்றேன் பெருமையாக.

"பிளாஸ்டிக் மேல முத்திரை நிக்காதுங்க. இப்படியே அனுப்புனா அப்படியே திருப்பி அனுப்பிருவாங்க. காகிதமா கொண்டு வாங்க, மூணு வாரத்துல முடிச்சுத் தாரோம்."

ரீனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

லேமினேஷன் செய்தது அவள் இல்லை, நான். ஐந்து வருடத்துக்கு முன்பு பட்டமளிப்பு முடிந்து சான்றிதழோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், நைட் டியூட்டி முடித்த அசதியில் தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீடுகளில் முதல் பட்டம் என்றால் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவோம். கரப்பான் அரிக்கக் கூடாது, மழை ஈரம் படக் கூடாது என்று, அவளை எழுப்பிக்கூடக் கேட்காமல், மார்க்கெட் பக்கம் இருக்கும் ஒரு பாயின் ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். பாய் அதை உள்ளே கொண்டுபோய் ரொம்ப நேரம் என்னவோ செய்தார். பிறகு வெளியே கொண்டுவந்து கொடுத்தார். கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கும் என்று நினைத்தேன். இது மங்கலாக, ஒரு மூலையில் காற்று நின்று, கனமாக இருந்தது.

"என்னங்க பாய் இது? வேலை தெரியாட்டி தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதான? எம்புள்ள பட்டத்தை நாசம் பண்ணிட்டீங்களே!" என்று கடை வாசலிலேயே நின்று கத்தினேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கையைத் தூக்கி, "அம்மா, ஒரு நிமிஷம், நான் சொல்றதை..." என்று ஆரம்பித்தார். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து கண்ணாடி பிரேம் போட்டு, சகாய மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினேன். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுக்கும் முன்னே அதைத்தான் காட்டுவேன்.

ஐந்து ரோட்டிலிருந்து அப்படியே வீட்டுக்குத் திரும்பினோம். மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு போன் போட்டோம். மறுபடி வேறு சான்றிதழ் தர ஐந்தாறு மாதம் ஆகுமாம். அதுவும் தொலைந்துபோனது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து வாங்கிய சான்று வேண்டுமாம். "தொலஞ்சு போச்சுன்னே எழுதிக் குடுத்துரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன், அதுவும் தவக்காலத்தில். ரீனா, "பொய் சொல்லி வாங்குன சர்டிபிகேட்டைத்தான் உண்மைன்னு முத்திரை குத்தச் சொல்லணுமா அம்மா?" என்று கேட்டாள்.

அடுத்து நான் செய்த வேலையைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் பிளாஸ்டிக் உரிந்து வரும் என்று யாரோ சொன்னார்கள். பட்டத்தில் கை வைக்கப் பயந்து, பள்ளிக்கூடத்துக் காலத்திலேயே லேமினேஷன் செய்திருந்த பிளஸ் டூ மார்க் ஷீட்டில் முதலில் செய்து பார்த்தேன். உரிந்து வந்தது உண்மைதான். ஆனால் எழுத்தும் மார்க்கும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்துவிட்டது. கையில் வெறும் நார் நாராய்க் கிழிந்த காகிதம். அந்த நேரம் பார்த்து ரீனா உள்ளே வந்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அம்மா, இனிமே என் பொருள் எதையும் தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. போன் செய்தால் அப்பாவின் போனுக்குச் செய்வாள். பேத்தியின் குரல் அந்தப் போனிலிருந்து எனக்குக் கேட்கும். நான் அடுப்படியில் நின்று புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுவேன். சான்றிதழை மறுபடியும் பிரேமில் போட்டு அதே ஆணியில் மாட்டினேன். வேறு எங்கே வைத்தாலும் அதற்கு இன்னும் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தபடி, "வருசா வருசம் தவக்காலத்துக்குக் கறியை விடுற மேரி. ஒரு வருசமாச்சும் கோபத்தை விட்டுருக்கலாம்" என்றார். கேலியாகத்தான் சொன்னார். எனக்கு முள்ளாய்க் குத்தியது.

அன்று மாலையே சகாய மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் தொடங்கினேன். வழக்கம்போல் சண்டைதான் போட்டேன். "உன் பேரைத்தான எனக்கு வச்சாங்க? சகாயம்னா உதவிதான? எங்க உன் உதவி?" என்று கேட்டேன். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் எல்லாம் இப்படித்தான். ஐந்தாம் நாள் சண்டை போடத் தெம்பில்லை. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் முதன்முறையாக, "தாயே, தப்பு என் மேலதான். அவளைக் கேக்காம செஞ்சேன். வேலை கிடைக்காட்டியும் போகட்டும், எம்புள்ளைய என்கிட்ட பேச வை" என்று கேட்டேன். சொல்லும்போதே, வேலையும் கிடைக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டேன். மனுஷிதானே!

ஒன்பதாம் நாள் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. காலைத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தபோது செல்வராஜ் திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து உட்கார்ந்திருந்தார். முதுகுவலியோடு இத்தனை தூரம் வந்திருக்கிறாரே என்று சாய்ந்துகொள்ளத் தலையணை எடுத்துக் கொடுத்தேன்.

"அத்தை, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? அதை லேமினேஷன் போட்ட ஆளுகிட்டயே ஒருக்கா கேட்டுப் பாக்கலாமுங்க. ரிக்ல ஒரு நட்டு இறுகிப் போனா, அதை மாட்டுனவனைத்தான் கூப்புடுவோம்."

நானும் கிளம்பினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வழி கேட்கக் கிளம்பவில்லை. ஒன்பது நாள் அழுததற்கெல்லாம் அந்தப் பாயை ஒரு பிடி பிடித்துவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். அன்றைக்கே வேலையைக் கெடுத்த மனிதர்தானே!

கடை அப்படியே இருந்தது. பாயின் தாடி மட்டும் வெளுத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "வாங்கம்மா! அஞ்சு வருசமிருக்குமே?" என்றார்.

"என்னை ஞாபகமிருக்குதுங்களா?"

"அந்த மாதிரி திட்டு வாங்கிட்டு மறக்க முடியுமாம்மா?" என்று சிரித்தார். செல்வராஜ் தரையைப் பார்த்தார்.

நான் சொல்ல வைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. பிரேமை நீட்டினேன். பாய் சான்றிதழை வெளியே எடுத்து, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒரு மூலையைத் தட்டினார். பிறகு மேசை டிராயரிலிருந்து ஒரு பிளேடை எடுத்தார்.

"ஐயோ, வேண்டாமுங்க!" என்று அவர் கையைப் பிடித்துவிட்டேன். "ஒண்ணு ஏற்கெனவே கிழிஞ்சு போச்சுங்க, இதையும் கிழிச்சுராதீங்க!"

"அம்மா, இன்னைக்காவது என்னைப் பேச விடுங்க" என்றார் பாய்.

நான் வாயை மூடினேன். அவர் சொன்னார். அவருடைய அண்ணனுக்கு வளைகுடாவில் ஒரு வேலை வந்ததாம். ஐ.டி.ஐ. சான்றிதழை லேமினேஷன் செய்து வைத்திருந்ததால் முத்திரை வாங்க முடியாமல் அந்த வேலை கைவிட்டுப் போயிற்றாம். அதிலிருந்து தன் கடைக்கு அசல் சான்றிதழ் எது வந்தாலும், நேராக லேமினேஷன் உறையில் போடமாட்டாராம். முன்னும் பின்னும் பசையில்லாத ஒரு கண்ணாடித் தாளை வைத்து, நடுவில் சான்றிதழைச் செருகி, அதற்கு மேல்தான் லேமினேஷன் போடுவாராம். பசை அந்தத் தாளில்தான் பிடிக்கும். சான்றிதழில் பிடிக்காது.

"அதனாலதாம்மா மங்கலா இருந்துச்சு. அதனாலதான் காத்து நின்னுச்சு. இதைத்தான் அன்னைக்குச் சொல்ல வந்தேன். நீங்க எங்க விட்டீங்க?"

கடையிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் பிளேடைக் கீழே வைத்தார். உடனே வெட்டவில்லை. "இது யார் சர்டிபிகேட்? மகளோடதா? அவங்க வரட்டும். அவங்க கண்ணு முன்னால வெட்டுறேன்" என்றார். ஐந்து வருடத்துக்கு முன்பு எனக்குத் தோன்றாத ஒன்று, அவருக்குத் தோன்றியது. நான் போன் செய்தேன். ரீனா எடுக்கவில்லை. செல்வராஜ் செய்தார். மருத்துவமனையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு, யூனிபார்மோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. நேராக மேசைக்குப் போய் நின்றாள்.

பாய் "பிஸ்மில்லா" என்று சொல்லி ஓரத்தில் பிளேடை வைத்தார். நான் மனதுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினேன். பாதியில் வார்த்தை மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். ஸ்கேல் வைத்து மூன்று பக்கமும் வெட்டினார். மேல் பக்கத்தை மெதுவாகத் தூக்கினார். தூக்கிவிட்டு, "நீங்களே எடுங்கம்மா" என்று ரீனாவிடம் சொன்னார்.

ரீனா இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். சான்றிதழ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு எழுத்து அழியவில்லை, ஒரு மூலை மடங்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு வாங்கி வந்த அதே காகிதம். பின்பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளையாய், முத்திரைக்கு இடம் விட்டுக் காத்திருந்தது.

"அம்மா" என்றாள். பதினாறு நாள் கழித்து அவள் என்னைக் கூப்பிட்ட முதல் வார்த்தை அது. அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அந்த ஜெராக்ஸ் கடையில் நின்று அழுததைப் பார்த்து, அப்ளிகேஷன் எடுக்க வந்தவர்கள் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பாயிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "என்னை மன்னிச்சுருங்க" என்றேன். "நான் என்னம்மா பண்ணேன், அவன் செய்ய வச்சான்" என்று மேலே கையைக் காட்டினார். லேமினேஷன் வெட்டியதற்கு எவ்வளவு என்று கேட்டேன். அதற்கு மட்டும் அவருக்குக் கோபம் வந்தது.

சான்றிதழ் மறுநாளே ஐந்து ரோட்டுக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போனது. ஈஸ்டர் முடிந்த எட்டாம் நாள் அப்போஸ்டில் ஒட்டி வந்துவிட்டது. இரண்டு நாள் மிச்சம். ரீனா இப்போது ஓமனில் இருக்கிறாள். நான்கு மாதம் கழித்து செல்வராஜும் பேத்தியும் போய்ச் சேர்ந்தார்கள். செல்வராஜுக்கு அங்கே ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்றும் அமைந்திருக்கிறது. ஆண்டவருக்கு எத்தனை தோத்திரம் சொன்னாலும் போதாது.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது வேலை கிடைத்ததை மட்டும் அல்ல. ஒன்பது நாளும் வீட்டில் சகாய மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, எங்கே உதவி, எங்கே உதவி என்று கேட்டேன் அல்லவா? அந்தப் படத்துக்குப் பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, அதே சுவரில்தான் அந்தச் சான்றிதழ் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வேண்டிய உதவி ஐந்து வருடமாய் அதற்குள்ளேயே இருந்தது. நான் கேட்பதற்கு ஐந்து வருடம் முன்பே மாதா அதை வாங்கிக் கொடுத்துவிட்டாள். நான்தான் அதை வேலை தெரியாத வேலை என்று திட்டித் தீர்த்து, கொடுத்த மனிதரைப் பேச விடாமல் வந்துவிட்டேன். அன்று ஒரு நிமிஷம் காது கொடுத்திருந்தால், இந்த அழுகைக்கே வேலை இருந்திருக்காது.

நான் முழுக்கத் திருந்திவிட்டேன் என்று எழுதினால், வாசித்துவிட்டு ரேஷன் கடைக்காரர் சிரிப்பார். ஆனாலும் இப்போது கோபம் வந்தால், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டாவது நிற்கிறேன். இந்தத் தவக்காலத்துக்குக் கறியோடு கோபத்தையும் விட்டிருக்கிறேன். பாய் கடை வழியாகப் போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பேசிவிட்டுத்தான் வருகிறேன்.

போன மாதம் அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் ரீனா ஒரு கவர் கொடுத்து அனுப்பியிருந்தாள். அந்த மருத்துவமனையில் பயிற்சி முடித்ததற்குக் கொடுத்த சான்றிதழ். அதை மேசை மேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவளுக்கு போன் செய்தேன்.

"வந்துருச்சு சாமி. நான் இன்னும் தொடலை. என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

ரீனா கொஞ்ச நேரம் சிரித்தாள். "மாதா படத்துக்குப் பக்கத்துல மாட்டும்மா. ஆனா பாய் கடையில லேமினேஷன் போட்டு மாட்டு."

அப்படியே செய்தேன். பளபளப்பு இல்லை, மங்கலாகத்தான் இருக்கிறது. தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் சிலுவை அடையாளம் போடுகிறேன். உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று இறுகி, இனி ஆகாது என்று தோன்றினால், மாதாவிடம் கேளுங்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவள் கோபித்துக்கொள்வதில்லை. கேட்டுவிட்டு, பதில் சொல்ல வருகிற மனிதரை மட்டும் தயவுசெய்து பேச விடுங்கள்.